கியர் ஆயிலை மாற்றாமல் விட்டதற்கு நான் கொடுத்த 1,55,500 ரூபாய்

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. அத்தைக்கு டயாலிசிஸ் முடிந்து வேலூரிலிருந்து கம்மவான்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் முன்னால் சென்ற பேருந்து நிற்க, நானும் நிறுத்தினேன். பேருந்து கிளம்பியதும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் உறுமியது; ஆர்.பி.எம். முள் மூவாயிரத்தைத் தொட்டது; வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்னி நட்சத்திரம் முடியாத நாள், பகல் ஒன்றரை மணி. நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடந்து துவண்டுபோயிருந்த அத்தை, பின் இருக்கையிலிருந்து, "என்ன கண்ணு, பெட்ரோல் இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரை ஓர் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாலையோரப் புளியமரத்தடியில் தனியாக நின்று அழுதேன். என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது எல்லைப் பகுதியில் பணியில் இருந்தார். வீட்டுக்கு வீடு ராணுவத்தில் பணியாற்றியவர்கள் இருக்கும் ஊர் எங்களுடையது. வீட்டில் ஆண் துணை இல்லாமல் வண்டி, மருத்துவமனை, வங்கி என எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும் பெண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் இடது முழங்காலில் பழைய அடி ஒன்று உண்டு. கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டினால் மாலைக்குள் வீங்கிவிடும். அதனால்தான் 2021 டிசம்பரில், 2015ஆம் ஆண்டு தயாரான, 62,000 கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஆயிலின் வேகத்தால் இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை, ஆறு கியர். விற்றவர் சாவியைக் கையில் கொடுக்கும்போது, "இன்ஜின் ஆயில் மட்டும் மாத்துங்க மேடம், கியர் ஆயிலத் தொடவே வேணாம், அது லைஃப் டைம்" என்றார். வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பராமரிப்பு அட்டவணையில் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்கு நேராகச் சோதனையோ மாற்றமோ தேவையில்லை என்றுதான் அச்சிட்டிருந்தது. அத்துடன் கையேட்டை மூடி வைத்துவிட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் போனதுதான் நான் செய்த முதல் தவறு.

அடுத்த பக்கத்தில் இன்னோர் அட்டவணை இருந்தது. கடினமான சூழ்நிலையில் ஓடும் வண்டிகளுக்கானது அது. எவையெல்லாம் கடினமான சூழ்நிலை என்றும் விளக்கியிருந்தார்கள்: 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாட்களில் நெரிசலில் ஓட்டுவது, புழுதிச் சாலை, மலைப்பாதை, குறைந்த தூரத்துக்கு அடிக்கடி எடுத்து நிறுத்துவது. ஒவ்வொன்றாகப் படித்தபோது என் அன்றாடப் பயணத்தையே யாரோ பார்த்து எழுதியது போலிருந்தது. வேலூரில் பிப்ரவரி கடைசியிலேயே 32 டிகிரி சாதாரணம். பாகாயத்திலிருந்து தொரப்பாடி வழியாக நகருக்குள் நுழைந்து மருத்துவமனைச் சாலையில் ஊர்ந்து செல்லும் அரை மணி நேரம், ஏ.சி. ஓட, பிரேக்கும் ஆக்சிலரேட்டருமாகக் கழியும். நமக்கு இது சாதாரண ஓட்டம். கையேட்டுக்கு இதுதான் கடினமான ஓட்டம். அந்த இரண்டாவது அட்டவணையில் கியர் ஆயிலை மாற்ற வேண்டிய கிலோமீட்டர் அளவு தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆகவே ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: கையேட்டை எடுத்து, கடினமான பயன்பாட்டுக்கான பக்கத்தைத் தேடிப் படியுங்கள். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அந்தப் பக்கம்தான் பொருந்தும். லைஃப் டைம் என்ற சொல்லையும் நம்பிவிட வேண்டாம். ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் உலகெங்கும் பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறது. அந்த நிறுவனமே, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றிவிடும்படி சொல்கிறது.

வண்டி என்னை எச்சரிக்காமல் நின்றுவிடவில்லை. ஏழு மாதங்களுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அந்த மொழி புரியவில்லை. 2023 அக்டோபர் வாக்கில், காலையில் முதல்முறை வண்டியை எடுக்கும்போது, கியர் கம்பியை, முன்னோக்கி ஓட்டுவதற்கான டி-க்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு நொடி எதுவும் நடக்காது. அப்புறம் 'டொக்' என்று ஓர் இடி இடித்துவிட்டுக் கிளம்பும். குளிர் ஆரம்பித்துவிட்டது, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பரில், இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்கு மாறும் நேரத்தில், வேகம் கூடாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஒரு கணம் ஏறி இறங்கத் தொடங்கியது. பிப்ரவரியில், கணியம்பாடி சாலையில் சீராக 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சாலையில் கோடு கோடாகப் போட்டிருக்கும் வேகத்தடையின் மேல் ஏறியது போல ஓர் அதிர்வு வந்து போனது. சக்கரத்தில்தான் கோளாறு என்று அலைன்மென்ட் பார்த்ததில் 900 ரூபாய் செலவானது. பிறகு ஒரு பட்டறையில் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள். அதற்கு 6,800 ரூபாய். அதிர்வு அப்படியே இருந்தது. அந்தப் பட்டறையில் நான் மூன்று முறை, "கியர் மாறும்போதுதான் இப்படி ஆகிறது" என்று சொன்னேன். ஒருவரும் கியர்பாக்ஸ் பக்கம் திரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை; வண்டியைப் பற்றி அவர்களைவிட எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. டி-யில் போட்டதும் தாமதம், கியர் மாறும்போது இழுவை விடுபடுதல், சீரான வேகத்தில் அதிர்வு ஆகிய இந்த மூன்றில் எது வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கியர் ஆயிலை. இரண்டாவதாக, கணினிக் கருவி பொருத்திக் கியர்பாக்ஸின் பிழைக் குறியீடுகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். இவை இரண்டையும் பார்க்காமல் வேறு எதையும் கழற்ற விடாதீர்கள்.

கியர்பாக்ஸுக்குள் அந்த ஆயில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் இதையெல்லாம் அலட்சியப்படுத்தியிருக்க மாட்டேன். கையால் கியர் போடும் வண்டியில் ஆயிலின் வேலை பெரும்பாலும் பல்சக்கரங்கள் தேயாமல் பார்த்துக்கொள்வது. ஆட்டோமேட்டிக்கில் அந்த ஆயில்தான் வேலையாள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு விசிறி ஆயிலை வீச, எதிரே இருக்கும் இன்னொரு விசிறி அந்த வேகத்தில் சுழன்று சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகிறது. இதுதான் டார்க் கன்வெர்ட்டர். கியர் மாறுவதும் ஆயிலின் அழுத்தத்தால்தான். சோலனாய்டுகள் எனும் சிறு மின்சார வால்வுகள் திறந்து மூட, ஆயில் பாய்ந்து, அடுக்கடுக்காக உள்ள பிளேட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. உள்ளே பிறக்கும் சூட்டைச் சுமந்து கூலருக்குக் கொண்டுபோவதும் அதே ஆயில். 80, 90 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய ஆயில், நெரிசலிலும் வெயிலிலும் அதையும் தாண்டிக் கொதிக்கக் கொதிக்க, அதன் குணம் வேகமாகக் கெடுகிறது. குணம் கெட்ட ஆயிலால் பிளேட்டை இறுக்கிப் பிடிக்க முடியாது. பிடி தளர்ந்தால் பிளேட் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு, சூட்டில் ஆயில் இன்னும் கெடும். என் வண்டியில் இந்தச் சுழற்சி ஏழு மாதம் நடந்திருக்கிறது.

வண்டி நின்ற அன்று நான் செய்த இரண்டாவது தவறு, அதைக் கயிறு கட்டி இழுக்க விட்டது. பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனதோடு ஒரு மினி லாரிக்காரரை அழைத்து வந்தார். 1,500 ரூபாய் பேசி, நியூட்ரலில் போட்டு, முன்சக்கரங்கள் தரையில் உருள, வேலூர் வரை இழுத்துச் சென்றார்கள். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்ற வைக்கும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் உருண்டால், உள்ளே இருக்கும் பாகங்கள் ஆயில் கிடைக்காமல் காய்ந்தபடியே சுற்றும். பல கார்களில் முன்சக்கரம்தான் இழுக்கும் சக்கரம். அவற்றில் ஆட்டோமேட்டிக் வண்டி நின்றுவிட்டால், முழு வண்டியையும் தட்டுவண்டியில், அதாவது தட்டையான தளம் கொண்ட மீட்பு லாரியில், ஏற்றியோ, முன்சக்கரங்களைத் தூக்கிக் கட்டியோதான் கொண்டுபோக வேண்டும். இதில் எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. என் காப்பீட்டுப் பத்திரத்தில் சாலையோர உதவி என்ற இணைப்பு இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் தட்டுவண்டி இலவசமாக வந்திருக்கும். பத்து நாள் கழித்துப் பத்திரத்தைப் படித்தபோதுதான் அது தெரிந்தது. அந்த எண்ணை இன்றே உங்கள் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே பத்திரத்தில், இயந்திரக் கோளாறுக்கும் தேய்மானத்துக்கும் இழப்பீடு கிடையாது என்பதும் இருந்தது. விபத்து இல்லாமல் கியர்பாக்ஸ் போனால் செலவு முழுவதும் நம் தலையில்தான்.

இழுத்துச் சென்று விட்ட பட்டறையில் ஒன்பது நாள் வண்டி நின்றது. ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி, எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் ஏதோ ஒரு சிவப்பு ஆயிலை ஊற்றி, 9,500 ரூபாய் வாங்கினார்கள். வண்டி பட்டறை வாசல் வரை வந்து மறுபடியும் நின்றது. உடனே பேச்சு மாறியது: புது கியர்பாக்ஸ்தான் போட வேண்டும், 2,40,000 ரூபாய் ஆகும், நாளைக்கே முன்பணம் வேண்டும். அன்றிரவு கணவரிடம் போனில் பேசினேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "வித்துடலாமா?" என்று கேட்டார். ஓடாத வண்டியை யார் வாங்குவார்கள்? வாரத்துக்கு இரண்டு நாள் அத்தையை எதில் கூட்டிப்போவது? இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஆற்காட்டில் ஒரு பாயின் பட்டறையைச் சொன்னார். ஆட்டோமேட்டிக் வண்டிகளை மட்டுமே பார்ப்பவர். இம்முறை தட்டுவண்டியில்தான் ஏற்றினேன். காப்பீட்டு உதவியில் வந்ததால் காசில்லை. பாய் வண்டியைக் கிளப்பவே இல்லை. அடியில் புகுந்து, ஆயில் போல்ட்டைக் கழற்றி, விரல் நுனியில் ஆயிலைத் தொட்டு முகர்ந்துவிட்டு, என் முன்னால் நீட்டினார். அடிப்பிடித்துக் கருகிய பாலின் வாடை அதில் இருந்தது. பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றை விரித்து, ஒரு பக்கம் புது ஆயிலில் ஒரு சொட்டும், மறுபக்கம் என் வண்டியின் ஆயிலில் ஒரு சொட்டும் விட்டார். புதியது மாதுளைச் சாறு போல் சிவந்து, ஒரே நிறமாகப் பரவியது. மற்றொன்று நடுவில் கறுப்பாகத் தேங்கி நின்று, சுற்றிலும் காப்பிக் கறை போல ஒரு வளையம் மட்டும் விட்டது. அந்தக் கறுப்பை விரலால் தேய்த்துக் காட்டினார். நெருநெருவென்று பொடி தட்டுப்பட்டது. "இது ஆயில் இல்லம்மா. உங்க பிளேட்டு" என்றார். போல்ட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்ததையும் காட்டினார். சாம்பல் நிறத்தில் மை போல மெல்லிய பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம், பயப்பட வேண்டியதில்லை. கையில் குத்தும்படி இரும்புத் துகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று பொருள். என் வண்டியில் இரண்டும் இருந்தன.

மூன்று வழிகளைச் சொன்னார். புதிது வாங்குவது ஒன்று. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் அறுபதாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். ஆனால் அது எந்த வண்டியில் எப்படி ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது, என்னுடையதையே இறக்கிப் பிரித்து, கெட்டவற்றை மாற்றுவது. நான் மூன்றாவதைத் தேர்ந்தேன். அந்த முடிவு இன்றும் சரியானதாகவே தோன்றுகிறது. என்னென்ன மாற்றினார்கள் என்பது பாகம் பாகமாக எனக்குத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன்பே, மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், ஆறு மாதமாவது உத்தரவாதத்தைத் தாளில் கேளுங்கள். பாய் இந்த மூன்றுக்கும் மறு பேச்சில்லாமல் சம்மதித்தார். நேர்மையாக வேலை செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கியர்பாக்ஸைப் பிரித்த அன்று என்னை வரச்சொன்னார். புது பிளேட் ஒன்றைக் கையில் கொடுத்தார். வட்டமான இரும்புத் தகட்டின் இருபுறமும் தடித்த அட்டை போன்ற ஒரு பழுப்புப் பூச்சு ஒட்டப்பட்டிருந்தது. அழுக்கில்லாத, லேசாகச் சொரசொரப்பான தாள். பிறகு என் வண்டியிலிருந்து எடுத்த பிளேட்டுகளை அடுக்கினார். முதல் இரண்டில் அந்தப் பூச்சு கண்ணாடி போல் மெழுகிக் கறுத்திருந்தது. மூன்றாவதில், கருகிய அப்பளம் உதிர்வது போல, நகம் பட்டதும் உதிர்ந்தது. நான்காவதில் பூச்சே இல்லை. வெறும் இரும்பு, சூட்டில் நீலம் பாரித்திருந்தது. "புது ஆயில் ஊத்துனதால கெடலம்மா. இது எப்பவோ போயிடுச்சு. எந்த ஆயில ஊத்துனாலும் பிளேட்டு முளைக்காது" என்றார். ஆயில் மாற்றிய பிறகுதான் கியர்பாக்ஸ் போனது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். வழுக்கத் தொடங்கிய பிறகு மாற்றுகிறார்கள். அதற்குள் தேய வேண்டியது தேய்ந்துவிடுகிறது. நன்றாக ஓடும்போதே மாற்றுவதில்தான் பயன் இருக்கிறது.

சூடு இந்த அளவுக்குப் போனதற்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. அது முழுக்க முழுக்க நம் ஊர்க் காரணம். என் வண்டியில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள் இருக்கிறது. பாய் ரேடியேட்டரை அறுத்துக் காட்டியபோது, உள்ளே கீசரில் படிவது போல வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதன் மேல் துருவின் செம்மண் நிறம். வண்டி கழுவும் இடத்தில், ரேடியேட்டரில் ஓடிச் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் குறைந்திருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம், நான் தலையசைக்க, அவர்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு என்னவென்று வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு கூலரைச் சுற்றிப் படிந்து, ஆயிலின் சூடு வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. என் வண்டியில் கூலர் ஓட்டையாகவில்லை என்பது ஒரு நல்ல வேளை. துருப்பிடித்து ஓட்டையானால் கூலண்டும் கியர் ஆயிலும் கலந்து ரோஸ் மில்க் நிறத்தில் நுரைக்கும். பிளேட்டின் தாள் பூச்சு தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். அதனால் கூலண்டைக் கையேட்டில் சொன்ன கெடுவில் மாற்றுங்கள். கலக்க வேண்டியிருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் கலக்குங்கள். இல்லையென்றால் கலந்தே வரும் கூலண்டை வாங்கிவிடுங்கள். வண்டி கழுவக் கொடுக்கும்போது, பானட்டுக்குள் எதையும் ஊற்றக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கூலண்ட் அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நிரப்பிக்கொண்டே ஓட்டுவது தீர்வாகாது.

ஜூன் 29 அன்று வண்டி கைக்கு வந்தது. 46 நாட்கள். பிளேட்டுகள், சீல்கள், டார்க் கன்வெர்ட்டரைப் பிரித்துச் சீரமைத்த கூலி, ஆயிலை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியைச் சுத்தம் செய்தது, புது ரேடியேட்டர், ஆயில் எல்லாம் சேர்த்து 1,18,600 ரூபாய். இதற்கிடையில் செவ்வாயும் வெள்ளியுமாக 13 முறை அத்தையை வாடகைக் காரில் கூட்டிப்போனேன். ஒரு முறைக்கு 1,400 வீதம் 18,200. அலைன்மென்ட், மவுண்ட், தவறான ஆயில், கயிறு கட்டி இழுத்த கூலி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் 1,55,500 ரூபாய். என் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்தேன்; அதை மீட்கப் பதினாறு மாதம் ஆனது. சரியான ஆயிலை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பாயிடம் கேட்டேன். பத்தரை லிட்டர் ஆயில், லிட்டர் 700 ரூபாய் வீதம் 7,350, கூலி 1,500. மொத்தம் 8,850 ரூபாய். அந்தக் கணக்கை அவர் எழுதிய துண்டுச்சீட்டை இன்னும் கையேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பத்தரை லிட்டர் ஏன் என்றால், என் கியர்பாக்ஸில் இருப்பது ஏறக்குறைய ஏழு லிட்டர். அடியிலுள்ள போல்ட்டைத் திறந்தால் அதில் பாதிதான் வடியும். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஒருமுறை வடித்து ஊற்றினால் பாதி பழையதாகவே இருக்கும். அதனால் வடித்து, ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடியும் வடித்து ஊற்றுகிறார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு பழையது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் தள்ளி ஒரே தடவையில் மாற்றும் முறையும் உண்டு. வெகுநாள் மாற்றாத வண்டிக்குப் பாய் அதைச் செய்வதில்லை. படிந்து கிடக்கும் கசடு ஒரேயடியாகக் கிளம்பி வால்வ் பாடியின் சிறு வழிகளை அடைத்துவிடும் என்கிறார். ஆயிலின் தரக் குறியீட்டில் எள்ளளவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கையேட்டில் எஸ்.பி. 4 என்றிருந்தால் அதற்கு ஏற்றதைத்தான் ஊற்ற வேண்டும், டெக்ஸ்ரான், டபிள்யூ.எஸ். என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொன்று. நிறம் சிவப்பாக இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. சீல் உடைக்காத டப்பாவை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். அளவு பார்ப்பதிலும் கவனம் வேண்டும். இன்ஜின் ஆயிலுக்கு இருப்பது போன்ற அளவுக்குச்சி இப்போது பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இல்லை. வண்டியைச் சமதளத்தில் வைத்து, இன்ஜினை ஓட விட்டு, கருவியில் ஆயிலின் சூட்டைப் பார்த்து, கையேட்டில் சொன்ன சூட்டுக்கு வந்ததும் அளவுத் திருகைத் திறந்து, ஆயில் மெல்லிய நூலாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. இவ்வளவையும் செய்யாமல் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஓட்டும் முறையிலும் சிலவற்றைத் திருத்திக்கொண்டேன். ரிவர்ஸில் வரும் வண்டி முழுவதும் நின்ற பிறகுதான் டி-க்கு மாற்றுகிறேன். முன்பெல்லாம் உருண்டுகொண்டிருக்கும்போதே மாற்றுவேன். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்குவதை விட்டுவிட்டேன், பிரேக்கில்தான் நிற்கிறேன். சரிவில் நிறுத்தும்போது, பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியின் பாரம் அதில் இறங்கிய பிறகு, பார்க்கிங் நிலையான பி-க்குக் கொண்டுபோகிறேன். நேராக பி-யில் போட்டுவிட்டால் வண்டியின் எடை முழுவதையும் உள்ளே இருக்கும் ஒரு சிறு கொக்கி தாங்க வேண்டியிருக்கும். ஏலகிரியின் 14 வளைவுகளில் இறங்கும்போது நியூட்ரலில் உருட்டுவதில்லை. கையால் கியரைக் குறைத்து, இரண்டு மூன்றிலேயே இறங்குகிறேன். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்களைப் பார்த்தால் இப்போது பதைப்பாக இருக்கிறது. கியர்பாக்ஸைவிட முதலில் அவர்கள் உயிர் முக்கியம்.

என்னுடையது டார்க் கன்வெர்ட்டர் வகை. மற்ற வகைகளுக்கு நோய் வேறு. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் கைக்குப் பதிலாக மோட்டார் இயக்குவது. நெரிசலில் ஊர்வதும், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரில் தாங்கி நிற்பதும் அதன் கிளட்ச் பிளேட்டை அரித்துவிடும். சி.வி.டி. வகையில் பெல்ட்டும் புல்லியும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கென்றே தயாரித்த தனி ஆயில் உண்டு. அதில் வேறு ஆயிலைக் கலந்தால் பெல்ட் வழுக்கிப் பாழாகும். டி.சி.டி. என்பது இரண்டு கிளட்ச் கொண்டது. அதில் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் உள்ள வண்டிகளில், நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்வதை விட்டு, முன்னால் சற்று இடம் சேர்ந்த பிறகு நகர்வது நல்லது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்து, பி-யிலிருந்து ரிவர்ஸ், பிறகு டி என்று மாற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்று கவனியுங்கள்; ஒரு நொடியைத் தாண்டினால் யோசியுங்கள். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி நன்றாகச் சூடேறிய பிறகும் ஒருமுறை பாருங்கள், சில கோளாறுகள் சூட்டில்தான் வெளிப்படும். கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்த்த பிறகு, அதன் கணினி பழைய பிளேட்டுகளுக்கு ஏற்பப் பழகி வைத்திருந்த கணக்கை அழித்து, புதிதாகப் பழக்க வேண்டும் என்பதும் நான் பிறகு அறிந்துகொண்டதுதான். பாய் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆற்காடு, வாலாஜா என்று ஓட்டி அதைச் செய்தார். முதல் 500 கிலோமீட்டர் மிதமாக ஓட்டச் சொன்னார், 5,000 ஆனதும் ஒருமுறை ஆயிலை வடித்துப் பார்த்தார். அந்த வெள்ளைத் துணியை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். போன மாதம் 1,09,000 கிலோமீட்டரில் அதே துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். லேசாகப் பழுப்பேறிய சிவப்பு. வளையம் இல்லை, பொடி இல்லை, கருகிய வாடை இல்லை. அடுத்த மாற்றம் 1,25,000இல் என்று பாய் கதவின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். அத்தை முன் இருக்கையில் உட்காரும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டு, மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொள்கிறார்.